கட்டையில் போகிறவர்

வெட்டவெளிப்பட்டி சரிவு நன்னடத்தை அலுவலகம் மலை உச்சியில் இருக்கிறது. வெட்டவெளிப்பட்டியில் மலை கிடையாது. அதனால் ஆபீசுக்கென்று ஒரு மலையைத் தனியாக ஒதுக்கியிருந்தார்கள். மலை முழுக்கப் பனி. காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே நூற்று ஐந்து டிகிரி வெயில், கரிசல் மண், வேலிக்கருவை. உள்ளே காலை வைத்தால் கணுக்கால் வரை பனி. யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கவர்மெண்டு வேலை கிடைப்பதே பெரிது.

உதவியாளர் தெய்வசிகாமணி வீட்டுக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. வீடு ஒன்றும் தூரத்தில் இல்லை. அடிவாரத்தில் கேட்டைத் தாண்டி நாலாவது வீடு. உச்சியில் ஜன்னலைத் திறந்தால் மொட்டைமாடிக் கொடியில் ஒரு கைலி காய்வது தெரியும். அது அவருடைய கைலிதான். பதினோரு வருஷமாக அவர் மனைவி அன்னத்தாய் அதைத் துவைத்துக் காயப் போட்டுக்கொண்டிருக்கிறாள். கட்ட ஆள் இல்லாமல் அது துவைத்தே நைந்துவிட்டது.

அவரைப் போன்றவர்கள் கீழே இறங்க ஒரே வழி சறுக்குவதுதான். காலுக்கு ஒன்றாக இரண்டு கட்டை, கைக்கு ஒன்றாக இரண்டு கோல். வெளிநாட்டில் அந்தக் கட்டைக்கு ஸ்கீ என்று பெயராம். பைலில் பனிச்சறுக்குப் பலகை. ஆபீசில் எல்லோருக்கும் அது கட்டைதான். பணிமூப்புப் பட்டியலில் நடந்து போகிறவர், விஞ்சில் போகிறவர், கட்டையில் போகிறவர் என்று ஊழியர்களை மூன்றாகப் பிரித்திருந்தார்கள். சிகாமணி கட்டையில் போகிறவர். பட்டியலைத் தயாரித்த ஆளுக்குக் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது. ஆகியிருந்தால் அந்த வார்த்தைக்கு வீட்டில் என்ன அர்த்தம் என்று தெரிந்திருக்கும்.

அன்னத்தாய்க்கு நன்றாகத் தெரியும். கோபம் வந்தாலும் பிரியம் வந்தாலும் அவள் புருஷனைச் சொல்வது அந்த ஒரு வார்த்தையில்தான். கட்டையில போற மனுசன் இன்னும் சாப்பிட்டிருக்காது என்பாள். கட்டையில போற மனுசனுக்குக் கத்தரிக்காய் ஆகாது என்பாள். பேரை மட்டும் சொல்ல மாட்டாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்கும் பெண்ணைச் சொல்லச் சொல்வாள்.

தினமும் பன்னிரண்டு மணிக்கு அவள் தூக்குச்சட்டியில் குழம்பும் சோறும் கொண்டுவந்து அடிவாரத்தில் விஞ்சில் ஏற்றுவாள். பழனியில் இருப்பது மாதிரி விஞ்ச் இல்லை இது. கம்பியில் வரிசையாக நாற்காலிகள் தொங்கும். சோறு ஒரு நாற்காலியில் தனியாக உட்கார்ந்து மேலே போகும். போய்ச் சேரும்போது குழம்பு கட்டியாகிவிடும். சிகாமணி அதை மேஜையிலிருக்கும் அடிக்கோலால் உடைத்துச் சாப்பிடுவார். சூடான குழம்பு எப்படி இருக்கும் என்பதையே அந்த மனுஷன் மறந்துவிட்டார்.

சரிவில் மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு விதிகள். எல்லாவற்றையும் பலகையில் எழுதி அடிவாரத்தில் நட்டிருந்தார்கள். புது விதி வந்தால் புதுப் பலகை. பலகைக்கு இடம் வேண்டும். அதற்கு இடம் விட்டு அடிவாரம் பத்தடி கீழே தள்ளிப் போகும், பனியும் கூடவே போகும். அன்னத்தாயின் வீடும் போகும். வீட்டுவரி ரசீதில் முகவரி 'அடிவாரம்' என்று இருந்ததால் வீட்டுக்கு வேறு வழியில்லை. இப்படியே சரிவு நீண்டுகொண்டு போனது. கைலி சின்னதாகிக்கொண்டு வந்தது.

விதிகளில் பலவும் நல்ல எண்ணத்தோடு போட்டவைதான். நடுச்சரிவில் நிற்கக் கூடாது. நின்றவர், நின்ற காரணத்தை நின்றபடியே எழுதித் தர வேண்டும். விழுந்தவர் உரிய அனுமதி பெற்ற பிறகே எழ வேண்டும். விபத்தைப் பார்த்தவர் தன் பெயரையும் முகவரியையும் தர வேண்டும். இந்த விதி வந்த பிறகு யாராவது விழுந்தால் மற்றவர்கள் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார்கள். அதில் இன்னும் நாலு பேர் விழுந்தார்கள்.

விழுந்தவர்கள் எழுவதற்கான அனுமதிப் பிரிவு சிகாமணியுடையது. விழுந்தவர் விழுந்த இடத்திலிருந்தே மனுப் போட வேண்டும். மனு முதலில் சிகாமணியின் மேஜைக்கு வரும். அவர் குறிப்பு எழுதி மேலே அனுப்புவார். சாதாரணமாக மூன்று நாளில் எழுந்துவிடலாம். அவசரம் என்று குறிப்பிட்டால் ஒரு வாரம் ஆகும்.

முதல் விதி மட்டும் தங்கமான விதி. யாரோ விவரம் தெரிந்தவர் எழுதியிருக்க வேண்டும். 'மேலிருந்து வருபவர், கீழிருப்பவருக்கு வழிவிட்டு விலகிச் செல்ல வேண்டும்.' கீழே இருப்பவனுக்கு முதுகில் கண் இல்லை. மேலேயிருந்து வருகிறவனுக்குத்தான் முன்னால் இருப்பது தெரியும். அதனால் பொறுப்பு அவனுடையது. பச்சைப் பிள்ளைக்கும் புரிகிற விஷயம் இது. ஆபீசுக்குப் புரியவில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் துணை இயக்குநராக மகுடபதி வந்து சேர்ந்தார். முதல் நாளே இந்த விதியைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்கு வழிவிடுவதா, எந்த ஊர் நியாயம் இது என்று கேட்டார். பைல் தெளிவுரைக்குப் போனது. அவரிடமிருந்து அவருக்கே போனது. மறுநாள் தெளிவுரை வந்தது. மேல் என்றால் பதவியில் மேல். கீழ் என்றால் பதவியில் கீழ். வழிவிட வேண்டியது கீழ்.

அன்றிலிருந்து மகுடபதி எங்கே நின்றாலும் அதுதான் மேலே. ஒருமுறை அவர் பள்ளத்தில் நின்றுகொண்டு கூப்பிட்டபோது ஊழியர்கள் அண்ணாந்து பார்த்துத்தான் பதில் சொன்னார்கள். சிலருக்குக் கழுத்துச் சுளுக்கிக்கொண்டது.

மேலே இருப்பவரை முந்தக் கூடாது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. தினமும் நாலு மணிக்கு மகுடபதி முன்னால் இறங்குவார். ஆபீஸ் மொத்தமும் பதவி வரிசைப்படி பின்னால் இறங்கும். அவருக்குச் சறுக்கத் தெரியாது. அங்குலம் அங்குலமாகப் போவார். ஐந்து மணிக்கு மணி அடிக்கும்போது பாதிச் சரிவுகூடத் தாண்டியிருக்க மாட்டார். மணி அடித்ததும் விஞ்ச் வந்து எல்லோரையும் அள்ளிக்கொண்டு மேலே போய்விடும், மறுநாள் காலை வருகைப் பதிவு இருக்கிறதே. மகுடபதிக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. அவருடைய குவார்ட்டர்ஸ் மேலேதான் இருந்தது.

சறுக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்றுநர் உண்டு. லூர்துமேரி என்று பெயர், தூத்துக்குடிக்காரர். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்கிற ஆள். அப்படிப்பட்டவரைப் போய் இந்த ஆபீசில் போட்டிருந்தார்கள்.

பயந்தவன்தான் பின்னால் சாய்வான், சாய்ந்தால் கட்டை சொன்ன பேச்சைக் கேட்காது என்பார் லூர்துமேரி. முட்டியை மடக்க வேண்டும், உடம்பை முன்னால் கொடுக்க வேண்டும், பள்ளத்தைப் பார்த்துப் போக வேண்டும். வகுப்பில் எல்லோரும் சரி டீச்சர் என்பார்கள். சரிவுக்கு வந்ததும் மகுடபதி பின்னால் சாய்வார். உடனே எல்லோரும் சாய்வார்கள். மேலதிகாரி சாய்ந்திருக்கும்போது ஒருத்தன் மட்டும் ஒழுங்காக நின்றால் அவரைக் குத்திக் காட்டுவதாக ஆகிவிடாதா. நாற்பது பேர் வானத்தைப் பார்த்தபடி மலை இறங்குவதைக் கண்டு லூர்துமேரி தலையில் அடித்துக்கொள்வார்.

ஆப்புச் சமாச்சாரம் இன்னும் மோசம். நிற்க வேண்டுமென்றால் இரண்டு கட்டைகளின் முன்நுனியையும் சேர்த்துவைத்துப் பின்பக்கத்தை அகட்ட வேண்டும். பார்க்க ஆப்பு மாதிரி இருப்பதால் அதற்கு ஆப்பு என்றே பெயர். வேகம் கூடினால் உடனே ஆப்பு வையுங்கள், முன்னால் போகிறவர் மேல் மோதாமல் இருக்க அது ஒன்றுதான் வழி என்று லூர்துமேரி சொன்னார். எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். அந்த வாரக் கடைசிக்குள் முன்னால் போகிற அத்தனை பேர் மேலும் மொட்டைக் கடிதாசி போயிருந்தது. பதினேழு பேர் சஸ்பெண்ட் ஆனார்கள். கூட்டம் குறைந்து மோதல் நின்றது. பயிற்சி மாபெரும் வெற்றி என்று மகுடபதி அறிக்கை அனுப்பினார்.

அது காலால் வைக்கிற ஆப்பு என்று புரிந்துகொண்டவர் சிகாமணி ஒருவர்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ரிக்கார்டு ரூமில் பீரோக்களுக்கு நடுவே நின்று முன்நுனி சேர்த்து, பின்பக்கம் அகட்டிப் பழகுவார். கீழே போனால் அன்னத்தாய்க்கு முன்னால் சரியாக நிற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. மோதி அவளைத் தள்ளிவிட்டால் பதினோரு வருஷம் காத்திருந்ததற்கு அது மரியாதையாக இருக்காது.

ஒருநாள் லூர்துமேரி அதைப் பார்த்துவிட்டார். கால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, பிறகேன் சரிவில் இந்தப் பாடு என்று கேட்டார்.

“எதப் பாத்துட்டு இறங்குறீங்க சார்?”

“துணை இயக்குநர் முதுகை.”

“கண்ணு எங்க போகுதோ ஒடம்பும் அங்கதான் போகும். முதுகப் பாத்தா முதுகுக்குத்தான் போய்ச் சேருவீங்க.”

சிகாமணி யோசித்துப் பார்த்தார். பதினோரு வருஷமாக அவர் போய்ச் சேர்ந்திருந்தது அங்கேதான்.

அந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி அவருக்கு ஓய்வு. உத்தரவு வந்தது. இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஓய்வு பெறும் நாளன்று மாலை ஐந்து மணிக்கு அடிவாரப் பதிவேட்டில் வந்து சேராதவர் கம்பமாகக் கருதப்படுவார்.

இது வெறும் மிரட்டல் இல்லை. தட்டச்சர் குருவம்மாள் போன வருஷம் ஓய்வு பெற்றார். இரண்டாவது வளைவில் வந்துகொண்டிருந்தபோது மணி அடித்தது. அங்கேயே நட்டுத் தலையில் சிவப்புக் கொடியைக் கட்டிவிட்டார்கள். இன்று எல்லோரும் அவரைச் சுற்றித்தான் திரும்புகிறார்கள். சிகாமணியும் அவரும் இருபது வருஷம் எதிரெதிர் மேஜை. கடந்து போகும்போது சிகாமணி தலையைத் தாழ்த்துவார். குருவம்மாள் மணி என்ன என்று மட்டும் கேட்பார்.

முப்பத்தொன்றாம் தேதி வந்தது. பிரிவுபசார விழா இரண்டு மணிக்குத் தொடங்கியது. ரோஜா மாலை, பொன்னாடை, மிக்சர், கேசரி. ஒன்பது பேர் பேசினார்கள். கடைசியில் மகுடபதி எழுந்தார். சிகாமணி தன்னை இந்தப் பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூட முந்தியதில்லை என்று சொல்லி, பொன்னாடையை அவருக்கு இன்னொரு தடவை போர்த்திவிட்டார். அந்த உணர்ச்சியில் மேடையிலேயே ஒரு புது விதி போட்டார். வழியனுப்ப வருபவர்கள் முகத்தில் வருத்தம் தெரிய வேண்டும். முந்நூற்றுப் பதின்மூன்றாவது பலகை. ஜன்னல் வழியே சிகாமணி பார்த்துக்கொண்டிருந்தபோதே வீடு பத்தடி தள்ளிப் போனது.

ஓய்வு பெற்றவரை ஆபீசே வீடுவரை கொண்டுபோய் விட வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். அந்த மரியாதையை மட்டும் எந்த ஆபீசும் விட்டுக்கொடுக்காது. நாலே காலுக்கு ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் மகுடபதி. அவருக்குப் பின்னால் மாலையும் பொன்னாடையுமாகச் சிகாமணி. அதற்குப் பின்னால் முகத்தில் வருத்தத்தோடு நாற்பது பேர். கடைசியில் லூர்துமேரி.

மகுடபதி அன்று வழக்கத்தைவிட மெதுவாகப் போனார். விசேஷ நாள் அல்லவா. ரோஜா இதழ்கள் பனியில் உதிர்ந்தன, அவற்றை எண்ணிக்கொண்டே வரலாம் போலிருந்தது. சிகாமணி கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்சம் வேகமாகப் போகலாமா ஐயா என்று முதுகிடம் கேட்டுப் பார்த்தார். எதற்கு அவசரம், இனிமேல் உமக்கு என்ன வேலை என்று முதுகு பதில் சொன்னது.

இரண்டாவது வளைவுக்கு வந்தார்கள்.

“மணி என்ன?” என்றார் குருவம்மாள்.

“நாலே முக்கால்.”

“எனக்கும் அன்னைக்கு இந்த எடத்துல நாலே முக்கால்தான்.”

சிகாமணி அவரைப் பார்த்தார். கொடி பனியில் விறைத்துக் கிடந்தது. அவருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு குழி வெட்டியிருந்தார்கள். அளவு சரியாக இருந்தது. சிகாமணிக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தில் வருத்தம் நன்றாகத் தெரிகிறது என்று பின்னால் வந்தவர் பாராட்டினார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது தற்செயலாக முதுகைத் தாண்டிப் பார்த்துவிட்டார். வெகு தூரத்தில், பலகைகளுக்கு அப்பால், மாம்பழக் கலரில் ஒரு புள்ளி. அன்னத்தாயின் பட்டுச்சேலை. அது கல்யாணத்துக்கு எடுத்த சேலை. அவள் அதைக் கட்டிக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். சிகாமணியால் பார்வையை எடுக்க முடியவில்லை. உடம்பு கிளம்பிவிட்டது.

மகுடபதியை முந்தும்போது சிகாமணியின் இடது கட்டை அவருடைய வலது கட்டையில் லேசாக உரசியது. கால் பட்டது மாதிரிதானே அது. யார் மேலாவது கால் பட்டால் குனிந்து அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது பிறந்ததிலிருந்து வந்த பழக்கம். சிகாமணி தன்னை அறியாமல் முட்டியை மடக்கிக் குனிந்து கையை முன்னால் நீட்டினார். அதற்குள் மகுடபதி பின்னால் போய்விட்டார். தொடுவதற்கு ஆள் இல்லை. தொடாமல் நிமிர மனசு வரவில்லை. குனிந்த வாக்கிலேயே போய்க்கொண்டிருந்தார்.

முட்டி மடங்கி, உடம்பு முன்னால் போய், கண் பள்ளத்தில் இருந்தது. கட்டை சொன்ன பேச்சைக் கேட்டது. லூர்துமேரி பதினோரு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியதும் இதற்குத்தான். மேலேயிருந்து அவர் குரல் கேட்டது. “அதான் சார். அப்படியே போங்க.”

உரசியதில் மகுடபதி மல்லாந்து விழுந்தார். நாற்பது பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். பிறகு அந்த நாற்பது பேரும் ஒருவர் மேல் ஒருவராக விழுந்தார்கள். யாரும் எழவில்லை, அனுமதி இல்லாமல் எப்படி எழுவது.

நாலு ஐம்பத்திரண்டுக்குச் சிகாமணி அடிவாரத்தில் ஆப்பு வைத்தார். அன்னத்தாய்க்கு ஒரு முழம் முன்னால் கட்டைகள் நின்றன. அவள் நகரவே இல்லை. கையில் தூக்குச்சட்டி இருந்தது. இளைத்துப் போயிட்டீங்களே என்றாள். நீ நரைத்துவிட்டாய் என்று சொல்ல வந்தவர், சேலை அப்படியே இருக்கிறது என்றார்.

கேட்டுக்குப் பக்கத்தில் மேஜை போட்டுப் பதிவேட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். பாதி உடம்பில் வெயிலும் பாதி உடம்பில் பனியும் விழுந்துகொண்டிருந்தன. அவர் பேனா மூடியைத் திறந்து, வந்தது யார் என்று கேட்டார். சிகாமணி வாயெடுத்தார். வந்தவர் தன் பெயரைத் தானே சொல்லக் கூடாது, அது சுயபரிந்துரை ஆகிவிடும் என்று அவர் தடுத்தார். குடும்பத்தார்தான் சொல்ல வேண்டுமாம்.

“நீங்க சொல்லுங்கம்மா. பேரு என்ன?”

அன்னத்தாய் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அந்த வயசிலும் அவள் முகம் சிவந்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். சொல்வதற்குப் பக்கத்தில் வேறு பெண்கள் யாரும் இல்லை. எல்லாப் பெண்களும் செய்வது மாதிரி ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள்.

“சாமிக்கு இன்னொரு பேரு இருக்குல்ல, அது மொதல்ல வரும். பெறகு உச்சியில வைக்கிற மணி. தலை உச்சியில.”

பதிவேட்டுக்காரர் நிதானமாக எழுதினார். எழுதியதைத் திருப்பிக் காட்டினார். 'உச்சியில் உள்ளார்.' அப்படியானால் ஆள் இன்னும் வந்து சேரவில்லை என்றார்.

சிகாமணி, நான் இங்கேதானே நிற்கிறேன் என்றார்.

“நிக்கிறது வேற. பதிவு வேற.”

நாலு ஐம்பத்தேழு. பதிவேட்டுக்காரர் இழுப்பறையைத் திறந்து ஒரு சிவப்புக் கொடியை எடுத்து மேஜை மேல் வைத்தார். சிகாமணிக்குப் பாதத்தில் ஏதோ மரத்துப்போகிற மாதிரி இருந்தது. கட்டைகளுக்குக் கீழே பனி இறுகியது. அவர் அன்னத்தாயைப் பார்த்தார். சொல்லேன் தாயி என்றார்.

அவளும் முயற்சி பண்ணினாள். யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு 'தெ' என்றாள். முப்பத்திரண்டு வருஷம் பழகாத நாக்கு அதற்கு மேல் வரவில்லை. இன்னொரு தடவை 'தெ' என்றாள். பதிவேட்டுக்காரர் ஓரத்தில் 'தெ' என்று எழுதிக்கொண்டு அடுத்த எழுத்தைக் கேட்டார். நாலு ஐம்பத்தொன்பது. கொடியை உதறிப் பிரித்தார்.

அன்னத்தாய்க்கு வந்ததே கோபம்.

“ஏய்யா, மலையாட்டம் முன்னால நிக்கிறது ஒனக்குக் கண்ணு தெரியலையா? இந்தா நிக்கிறாரே, இந்தக் கட்டையில போற மனுசன்தான்யா.”

பதிவேட்டுக்காரரின் முகம் தெளிந்தது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார். பட்டியலை எடுத்து விரலால் தேடினார். கட்டையில் போகிறவர், இருக்கிறது. ஓய்வு பெற்றிருந்தால் ஓய்வு பெற்றவர் என்றல்லவா சொல்லியிருப்பீர்கள். கட்டையில் போகிறவர் என்றால் பணியில் இருப்பவர். பணியில் இருப்பவருக்குக் கம்ப விதி பொருந்தாது. கொடியை அழகாக மடித்து இழுப்பறைக்குள் வைத்தார். சிகாமணியின் பாதத்தில் உயிர் வந்தது.

ஐந்து மணி அடித்தது. பணியில் இருப்பவர்களுக்கான விஞ்ச் நாற்காலி பின்னாலிருந்து வந்து அவருடைய முட்டியைத் தட்டியது. சிகாமணி உட்கார்ந்துவிட்டார். பழக்கம். நாற்காலி கிளம்பியது.

அவரைக் காப்பாற்றியதும் தன் வாய்தான், ஏற்றி அனுப்பியதும் தன் வாய்தான் என்பது அன்னத்தாய்க்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் நாற்காலி ஒரு ஆள் உயரம் போயிருந்தது. மாலை கம்பியில் மாட்டி அறுந்து விழுந்தது. பொன்னாடை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பதிவேட்டுக்காரர் பேனாவை மூடினார். அன்னத்தாய் தூக்குச்சட்டியை மேஜை மேல், பதிவேட்டின் மேலேயே வைத்தாள். நிமிர்ந்து நின்றாள்.

“தெய்வசிகாமணி.”

ஒரு எழுத்து சிதறாமல் முழுசாக வந்தது. ஐந்து மணிக்கு மேல் பெயர் எடுக்க மாட்டோம், காலையில் பத்து மணிக்கு வாருங்கள் என்றார் பதிவேட்டுக்காரர். அவள் அந்த ஆளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“தெய்வசிகாமணி, எறங்கி வாங்க.”

சிகாமணிக்குக் கேட்டது. ஆபீசில் தினமும் வருகைப் பதிவுக்கு வாசிக்கிற பெயர்தான் அது. அது இவ்வளவு நல்ல பெயர் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. நாற்காலிக்கு எதிரே ஒரு பலகை வந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது. விதி எண் இருநூற்று ஆறு. அவர் அதைப் பொறுமையாக முழுசும் படித்தார். பிறகு திரும்பிப் பார்த்தார்.

கண் போன இடத்துக்கு உடம்பும் போனது. நாற்காலியிலிருந்து சரிவில் குதித்து அவர் மேலேயிருந்து வந்தார். அவள் கீழே நின்றிருந்தாள். அன்னத்தாய் விலகவில்லை. விலக வேண்டியது அவள் இல்லை. சிகாமணி அவளைச் சுற்றி வளைந்து, கேட்டைத் தாண்டி, பனி முடிந்து கரிசல் தொடங்குகிற இடத்தில் ஆப்பு வைத்து நின்றார். கட்டைகள் இரண்டும் சூட்டு மண்ணில் குத்திக்கொண்டன. அவற்றை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தார். நாலாவது வீடு. கைலியைக் கட்டினார். அது இடுப்பில் நிற்கும்போதே டர்ரென்று கிழிந்தது. அவர் கிழிசலை முன்பக்கமாகச் சொருகிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். அன்னத்தாய் அடுப்பிலிருந்து இறக்கி ஊற்றிய குழம்பு கொதிக்கக் கொதிக்க இருந்தது. அவசரப்பட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

நாற்காலி ஐந்து இருபதுக்கு உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. காலியாகத்தான் இருந்தது. ஆனால் உதவியாளர் தெய்வசிகாமணிக்குரிய நாற்காலி என்று அதில் எண் இருந்தது, அதனால் விஞ்ச் ஊழியர்கள் வருகைப் பதிவு போட்டார்கள். மறுநாள் அதை அனுமதிப் பிரிவு மேஜைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்கள். இன்றுவரை அது ஒருநாள்கூட லீவு எடுத்ததில்லை. யாரையும் முந்தியதும் இல்லை.

விழுந்து கிடக்கும் மகுடபதி, எழுந்திருக்க அனுமதி கேட்டு மனுப் போட்டிருக்கிறார். பைல் அந்த நாற்காலியிடம்தான் இருக்கிறது.